புடாபெஸ்ட் வழியாகத் தில்லை

திருப்பாதிரிப்புலியூர்

விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ‘கடலூர்’ என்ற பெயர்ப்பலகைக்காகக் காத்திருந்தால் ஊரைத் தாண்டித் துறைமுகத்தில் போய்த்தான் இறங்குவார்கள். நகரத்தின் நடுவில் இருக்கிற ஸ்டேஷனுக்கு அப்பர் காலத்துப் பெயர்தான்: திருப்பாதிரிப்புலியூர். கோவையிலிருந்து போன எனக்கு இறங்கியவுடன் முதலில் தெரிந்தது காற்றின் ஈரம். எங்கள் பக்கத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும், உடம்பில் ஒட்டாது. இங்கே பத்து நிமிடம் நடந்ததற்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கைப்பேசியில் இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஆல்பம் இருந்தது. 2005 ஜூன் 30 அன்று சென்னையில் வெளியான ஆல்பம் அது. ஜெகத் கஸ்பர் ராஜ் அடிகளார் முன்னின்று நடத்திய தமிழ் மையம் தயாரித்தது. வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தியவர் லாஸ்லோ கோவாச். ஆங்கில வரிகளை எழுதிய ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், ஏசுவின் கதையை ராக் இசையில் மேடையேற்றிய ‘காட்ஸ்பெல்’ நாடகத்துக்குப் பாட்டெழுதியவர். மணிவாசகர் பாட்டைக் கத்தோலிக்கப் பாதிரியார் தயாரித்து, ஹங்கேரியர்கள் வாசித்து, அமெரிக்கர் ஒருவர் ஆங்கிலம் சேர்த்த காரியம் இது.

திருவாசகத்தின் 51 பகுதிகளிலிருந்து ராஜா ஆறை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த ஆறு பாட்டும் எங்கே பாடப்பட்டவை என்று பழைய பதிப்புகளின் தலைப்புக் குறிப்பைப் புரட்டினால் ஒரு வரைபடம் கிடைக்கும். யாத்திரைப் பத்து, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, அச்சப்பத்து நான்கும் சிதம்பரம் என்கிற தில்லையில் அருளியவை. பிடித்த பத்து தோணிபுரத்தில், அதாவது சீர்காழியில். சிவபுராணம் மட்டும் தெற்கே திருப்பெருந்துறையில். ஆல்பத்தின் பெரும்பகுதி ஒரே ஊரில் பிறந்தது என்றால் அந்த ஊர்ப் பாதையிலேயே அதைக் கேட்டால் என்ன? என் பயணத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை.

பாடலீசுவரர் கோயிலில் தலமரம் பாதிரி; ஊர்ப் பெயரில் பாதி அந்த மரத்துக்குச் சொந்தம். இங்கே அப்பர்தான் நாயகர். ஆனால் மணிவாசகருக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அவர் வந்தபோது கெடிலத்தில் வெள்ளம். கரை கடக்க முடியாமல் நின்றார். இறைவன் சித்தராக வந்து, கோயிலுக்குத் தெற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றையே வடக்கே திருப்பிவிட்டார் என்கிறது தலபுராணம். கெடிலம் இப்போது ஓடுவது வடக்கேதான். ஆறு தடம் மாறியது ஊருக்கு நினைவிருக்கிறது. காரணத்தைப் புராணத்திடம் விட்டுவிட்டார்கள்.

பூசை முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஓதுவாரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதை நெருங்கும் வயது, வெற்றிலை போட்ட வாய், நெற்றி நிறையத் திருநீறு. ராஜாவின் ஆல்பத்தைக் கேட்டிருக்கிறீர்களா என்றதும் சிரித்தார்.

“கேட்டிருக்கேன் தம்பி. மெட்ராஸ்ல இருக்கிற பேத்தி போட்டுக் காட்டினா. நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்குத் திருவாசகம்னா மோகனம். குரு அப்படித்தான் கொடுத்தார். அதை மாத்தினா எனக்கு வார்த்தை வராது, மறந்துபோயிடும்.”

பிறகு கேட்காமலே சிவபுராணத்தின் தொடக்கத்தை மோகனத்தில் பாடிக் காட்டினார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு சின்ன நிறுத்தம். மூச்சு வாங்குவதற்கான நிறுத்தம் இல்லை அது. அடுத்த அடியைக் கேட்பவனும் மனசுக்குள் சொல்லிக்கொள்ள விட்ட இடைவெளி. “தருமபுரம் சுவாமிநாதன் பாடினதைக் கேட்டிருக்கீங்களா? கேசட்டுதான். ஆனா அதைக் கேட்டா கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கும்” என்றார். ராஜாவின் ஆல்பத்தைக் கேட்டால் எங்கே நிற்கிற மாதிரி இருக்கும் என்று கேட்டேன். “அது தெரியலையே. பெரிய இடம்தான். நமக்குப் பழகின இடமில்லை.” நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு நியாயமாக அந்த ஆல்பத்தை எடைபோட்டதில்லை.

வண்டிப்பாளையம், கரையேறவிட்ட குப்பம்

கோயிலிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் நமச்சிவாயப் பதிகம் பாடி, அந்தக் கல்லே தெப்பமாக வந்து கரையேறிய இடம் என்று சொல்கிறார்கள். ஊர்ப் பெயரே அதுதான், கரையேறவிட்ட குப்பம். சித்திரையில் அப்பர் கரையேறும் விழா நடக்கும். பாடலீசுவரர் இங்கே எழுந்தருள்வார். மற்ற நாளில் தெருவில் ஆடு மேய்கிறது, திண்ணையில் தாயம் ஆடுகிறார்கள்.

அப்பர் இங்கே கரையேறியதற்கு முன்பே இந்த ஊரில் இருந்தவர். தருமசேனர் என்ற பெயரில் சமண மடத்தில் இருந்தார். இந்த ஊர் அப்போது பாடலிபுத்திரம் என்ற பெயரில் பேர்போன சமணக் கல்வித்தலம். சர்வநந்தி என்ற முனிவர் ‘லோகவிபாகம்’ என்ற உலக அமைப்பு நூலை இங்கே முடித்த ஆண்டு கி.பி. 458, காஞ்சியில் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்று நூலிலேயே குறிப்பு இருக்கிறது. 1905இல் சைவ சித்தாந்த மகா சமாசத்தைத் தொடங்கி வைத்த ஞானியார் அடிகளின் வீரசைவ மடமும் இதே திருப்பாதிரிப்புலியூரில்தான். சமணமும் சைவமும் வீரசைவமும் ஆளுக்கொரு காலத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த தெருக்கள் இவை. பழைய பாட்டுக்குப் புது வாத்தியம் வைத்தால் மரபு கெட்டுவிடும் என்று கோபப்படுகிறவர்கள் ஒருதரம் இங்கே வந்து போகலாம். எந்த மரபு என்று இந்த ஊர் திருப்பிக் கேட்கும்.

தேவனாம்பட்டினம்

கடற்கரைக்கு வெள்ளிக் கடற்கரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1690இல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய புனித டேவிட் கோட்டையின் மிச்சம் பக்கத்தில்தான். பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. சாப்பாட்டைச் சொல்லத்தான் இந்த இடத்தில் நின்றேன். வீட்டின் முன்பக்கத்தையே கடையாக்கியிருந்த ஒரு அக்கா சுறாப்புட்டு போட்டார். வேகவைத்து உதிர்த்த சுறா, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் அதிகமாகவே பூண்டு. கூடவே புளி தூக்கலாக ஒரு மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் என்றால் அணை மீன், இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் வந்த மீன். “காலைல வந்ததுங்க, மத்தியானத்துக்கு மேல நான் போடமாட்டேன்” என்று அந்த அக்கா சொன்னபோதுதான், இத்தனை வருஷம் மீன் என்று நான் சாப்பிட்டதெல்லாம் என்ன என்ற சந்தேகம் வந்தது.

சுனாமி பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். “வீடு இருந்தது அந்தாண்ட” என்று கரண்டியால் கடல் பக்கம் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குச் சோறு போடப் போய்விட்டார்.

முதுநகர் முதல் கிள்ளை வரை

பாசஞ்சர் ரயிலில் யாத்திரைப் பத்தைப் போட்டேன். ஆல்பம் தொடங்குவது அதில்தான். அடியார்களே, காலம் வந்துவிட்டது, எல்லாரும் சேர்ந்து புறப்படுங்கள் என்று அழைக்கிற பதிகம். திருவாசகத்தில் அது 45ஆம் பகுதி, கிட்டத்தட்டக் கடைசி. அதைத் தூக்கி முதலில் வைத்தது ராஜாவின் யோசனை. அவர் செய்தவற்றில் மிகச் சரியானது இதுதான் என்று எனக்குப் படுகிறது. முடிவில் வர வேண்டிய அழைப்பு முதலில் வந்ததால் மற்ற ஐந்தும் வழிப்பாட்டுகள் ஆகிவிட்டன.

முதுநகர் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டையின் வாடை. ஜன்னல் ஓரம் இருந்தவர்கள் பழக்கத்தில் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. ஆலப்பாக்கத்துக்குப் பிறகு சவுக்குத் தோப்பும் மணலும்.

எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். நான் என்ன கேட்கிறேன் என்று விசாரித்தார், சொன்னேன். “ராஜா சாரா? எங்க கப்பல்ல பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரங்க சார். ஷிப்ட் முடிஞ்சா கிடாரை எடுத்துடுவாங்க. அவங்களுக்கும் ஒரு ராஜா இருக்காரு, ஆனா நாலு பேரு.”

அவர் சொன்னது ஈரேசர்ஹெட்ஸ் என்ற குழுவை. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் நான்கு பேர் 1989இல் சேர்ந்து ஆரம்பித்த ராக் குழு. 1995இல் வந்த அவர்களுடைய ‘கட்டர்பில்லோ’ ஆல்பம் அந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். அதன் கடைசிப் பாட்டில் ஒருவன் சின்ன வயதில் தனக்கு ஆடக் கற்றுக்கொடுத்த பெண்ணை நினைத்துப் பார்க்கிறான். முடிவில் அவள் ஒரு இருட்டுச் சந்தில் விபத்தில் இறந்துபோகிறாள். ராக் இசை அமெரிக்காவிலிருந்து வந்தது; பேச்சும் தெருவும் அழுகையும் அவர்களுடையவை. தம்பி தன் போனில் அதைப் போட்டுக் காட்டினார். மொழி புரியவில்லை. ஆனால் அந்தப் பாட்டு வந்ததும் இரும்புத் தளத்தில் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள் என்று அவர் சொன்னபோது என் கண்ணுக்கு அது தெரிந்தது. “நீங்க என்ன போட்டுக் காட்டுவீங்க?” என்று கேட்டேன். “‘தளபதி’தான் சார். திருவாசகம் எல்லாம் கப்பல்ல யாரு கேப்பா?”

கேட்பார்களா மாட்டார்களா என்று நான் வாதாடவில்லை. ஆனால் சிவபுராணத்தை அவர் காதில் கொடுத்தேன். ஆல்பத்திலேயே நீளமான பாட்டு. ராஜாவின் குரலுக்கு நடுவே ஆங்கிலக் குரல்கள் வந்து வந்து போகும். பரங்கிப்பேட்டை வரை கழற்றாமல் கேட்டார். கழற்றியதும், “இங்கிலீஷ் பாட்டு நடுவுல எதுக்கு சார்? அவரு பாடும்போதே புரியுதே” என்றார்.

எனக்கும் அங்கேதான் இடறல். 95 அடியில் மணிவாசகர் புல்லிலிருந்து தேவர் வரை தான் எடுத்த பிறவிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த அடுக்கு நிற்காமல் வருவதால்தான் கடைசியில் இளைத்துப்போய் விழுகிறவனின் குரல் நமக்குக் கேட்கிறது. ஆங்கிலம் குறுக்கே வரும்போது அடுக்கு அறுந்துவிடுகிறது. ஷ்வார்ட்ஸ் எழுதியதில் குறையில்லை. வைத்த இடம் சரியில்லை. ஜி. யு. போப் 1900இல் திருவாசகத்தை முழுதாக ஆங்கிலத்தில் பெயர்த்து ஆக்ஸ்போர்டில் பதிப்பித்தபோது தமிழைத் தமிழாகவும் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவும் தனித்தனியே நிறுத்தினார். அந்த நிதானம் இங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தை எல்லாரும் சிம்பொனி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குரலும் கோரஸும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த இந்த வடிவம் ஆரட்டோரியோ. ராஜாவின் சிம்பொனி ‘வேலியன்ட்’ லண்டனில் அரங்கேறியது 2025 மார்ச் 8இல்தான். இருபது வருஷ இடைவெளி உள்ள இரண்டு காரியங்களை ஒன்றாக்கினால் இரண்டுக்கும் மரியாதையில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. முகத்துவாரம் பக்கத்தில் என்பதால் தண்ணீருக்கு ஆற்று நிறமும் இல்லை, கடல் நிறமும் இல்லை. கிள்ளை தாண்டினால் பிச்சாவரம் பக்கம். அந்தச் சதுப்பில் வளரும் தில்லை மரம்தான் சிதம்பரத்துக்குப் பழைய பெயரைக் கொடுத்தது. கோயிலில் அது தலமரம். சதுப்பில் வெட்டினால் பால் வடியும், கண்ணில் பட்டால் எரியும் என்று படகுக்காரர்கள் எச்சரிக்கும் மரம்.

சிதம்பரம், கீழ வீதி

காலையில் இட்லியும் கொத்சும். சிதம்பரம் கொத்சு நம் வீட்டில் செய்கிற கத்தரிக்காய்க் கொத்சு இல்லை. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளி விட்டு, வறுத்து அரைத்த மல்லியும் மிளகாயும் போட்டு எண்ணெய் பிரியும் வரை விடுகிறார்கள். கோயிலில் சம்பா சாதத்தோடு சேர்த்து நைவேத்தியம். மிளகும் சீரகமும் நெய்யும் மட்டும் போட்ட அந்தச் சாதம் தனியாக வாயில் போட்டால் மூச்சு முட்டும். கொத்சோடு சேர்ந்தால்தான் இரண்டும் வழிக்கு வரும். பரிமாறியவர் நான் இட்லியைச் சாம்பாரில் தோய்ப்பதைப் பார்த்துவிட்டுச் சாம்பார்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே போய்விட்டார். “இங்க வந்து இது எதுக்கு சார்?”

வீதியில் நடந்துகொண்டே பொற்சுண்ணம் கேட்டேன். சாமியின் நீராட்டுக்கு வாசனைப்பொடி இடிக்கும் பெண்கள் உலக்கை போட்டுக்கொண்டே பாடுவது. வேலைப்பாட்டு. கோத்தும்பி, சிறுமிகள் வண்டைப் பார்த்துப் பாடி விளையாடுவது. அம்மானை, ஊசல், சாழல், பூவல்லி, தோள் நோக்கம் என்று திருவாசகத்தில் பல வடிவங்கள் தெருவிலும் முற்றத்திலும் பெண்கள் பாடியவை. பாண்டியனிடம் அமைச்சராக இருந்த மனிதர் அரண்மனைச் செய்யுளை விட்டுவிட்டு உலக்கைப் பாட்டை எடுத்துக்கொண்டார். இன்றைக்கு ஒரு ராக் குழு செய்கிற வேலைதான் அது, ஊர் பாடுகிற மெட்டைத் தன் பாட்டுக்குள் கொண்டுவருவது.

புடாபெஸ்ட் இந்தக் கதைக்கு அந்நியமான ஊர் இல்லை. அங்கே படித்த இசையமைப்பாளர்கள் பேலா பார்த்தோக்கும் சோல்தான் கோடாயும் நூறு வருஷத்துக்கு முன் மெழுகு உருளைப் பதிவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்து, வயல்வேலைக்காரர்களின் பாட்டைப் பதிந்து, அதிலிருந்துதான் தங்கள் பெரிய இசையைக் கட்டினார்கள். அந்த வழியில் வந்த வாத்தியக்காரர்கள் கையில் தில்லையின் உலக்கைப் பாட்டு போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான். ஆறு பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது பொற்சுண்ணம். அங்கே கோரஸ் அலங்காரமாக வரவில்லை. கூட்டமாகச் செய்கிற வேலைக்குக் கூட்டமான குரல் வேண்டும்.

கனகசபை

மணிவாசகர் சொல்லச் சொல்லத் திருவாசகத்தை ஏட்டில் எழுதிக்கொண்டவர் அந்தணர் வேடத்தில் வந்த நடராசர் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. எழுதி, கடைசியில் கையெழுத்தும் போட்டு, சபையின் படியில் வைத்துவிட்டுப் போனார். தில்லைவாழ் அந்தணர்கள் பொருள் கேட்க, மணிவாசகர் நடராசரைக் கைகாட்டி உள்ளே போய் மறைந்தார். முதல் ஒலிப்பதிவுக்காரர் யார் என்று கேட்டால் சிதம்பரத்தில் பதில் தயாராக இருக்கிறது. தேவார ஏடுகளும் இந்தக் கோயிலில்தான் கறையான் புற்றுக்குள் கிடந்தன. ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டது மிச்சம்தான்.

இப்படிப் பாட்டைப் பாதுகாத்த இடத்தில், அதே பாட்டைச் சிற்றம்பல மேடையில் நின்று பாட ஓர் அடியார் அரசாங்கத்தின் ஆணையோடு வரவேண்டியிருந்தது. குமுடிமூலை ஊர்க்காரரான சிவனடியார் ஆறுமுகசாமி வருஷக்கணக்கில் போராடினார். 2008 பிப்ரவரி 29இல் ஆணை வந்தது. மார்ச் 2 அன்று அவர் போலீஸ் காவலோடு மேடை ஏறப்போனபோது தீட்சிதர்கள் தடுத்துத் தள்ளுமுள்ளு ஆனது. கணக்குப் பார்த்தால் புடாபெஸ்டின் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த திருவாசகம் வெளியாகிக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்து இது. ஹங்கேரிக்காரர்களுக்கு இருந்த உரிமை குமுடிமூலைக்காரருக்கு இல்லை. தீட்சிதர்கள் ஆகமத்தையும் வழக்கத்தையும் சொன்னார்கள். அந்த வாதத்தை நான் படித்திருக்கிறேன், ஏற்க முடியவில்லை. படியில் ஏடு வைத்த கதையைப் பெருமையாகச் சொல்கிற இடம், அந்த ஏட்டைப் பாடுகிறவனைப் படிக்குக் கீழே நிறுத்த முடியாது.

எங்கள் பக்கம் பேரூரை மேலைச் சிதம்பரம் என்போம். அங்கேயும் கனகசபை உண்டு, நடராசர் உண்டு. ஞாயிறுதோறும் கொங்குநாட்டில் எங்காவது திருவாசக முற்றோதல் நடக்கும். டீக்கடைக்காரரும் தறிக்காரரும் ஆசிரியைகளும் வட்டமாக உட்கார்ந்து நாள் முழுக்க ஓதுவார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தில்லைச் செய்தி இன்னும் உறைக்கிறது.

நான் போனபோது பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கீழே தூணோரம் நின்ற ஒரு அம்மா, கையில் புத்தகம் இல்லாமல் அச்சப்பத்தைப் பாடினார். பாம்புக்கும் வேலுக்கும் பயமில்லை, ஆனால் இறைவனிடம் அன்பில்லாதவர்களைக் கண்டால்தான் பயம் என்கிற பதிகம். ஆல்பம் முடிவதும் அதில்தான். சுருதி நிற்கவில்லை, இடையில் ஒரு வரி விட்டுப்போய்த் திரும்ப எடுத்தார். பக்கத்தில் நின்ற பேரன் போனில் படம் எடுத்தான். “ஏன்டா, வீடியோ எடுத்தா அடுத்த வரிய எடுத்துக் குடு” என்று அதட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

அண்ணாமலை நகர்

ரயில் பாதையைத் தாண்டினால் பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941இல் முதல் தமிழிசை மாநாட்டைக் கூட்டியது இங்கேதான். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழில் பாட ஒரு இயக்கமே தேவைப்பட்ட காலம். எம். எம். தண்டபாணி தேசிகர் இங்கே இசைப் பேராசிரியராக இருந்தார். இசைத்துறை வாசலில் வயலின் பெட்டியோடு நின்ற மாணவியிடம் ராஜாவின் ஆல்பத்தை வாசித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். “ஸ்கோர் கெடைச்சா வாசிப்போம் சார். இங்க ஆளும் இருக்கு, வாத்தியமும் இருக்கு” என்றார்.

ஆல்பம் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நான்கு பாட்டு பிறந்த ஊரில் அதை மேடையில் வாசிக்கப் பெரிய செலவில்லை: பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மோகனத்தில் பாட ஒரு ஓதுவார், ராஜாவின் இசைக்குறிப்பு. பாட்டைத் தமிழாகவே விட்டுவிடலாம்; நடுவில் ஆங்கிலம் வேண்டாம். யார் ஏற்பாடு செய்தாலும் டிக்கெட் வாங்கி முதல் வரிசையில் உட்கார நான் தயார்.